தெருவில் தேங்கும் கழிவுநீருக்கு மனுப் போடுவது எப்படி? முதல்முறை எழுதுகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

வீட்டுக்குப் பக்கத்துக் காலிமனையில் கழிவுநீர் தேங்கி நாறுகிறது. குழாயில் வரும் தண்ணீரில் சாக்கடை வாடை அடிக்கிறது. மாடியில் குடியிருப்பவரின் கழிவுநீர்த் தொட்டி நிரம்பி வாசலில் வழிகிறது. இதையெல்லாம் யாரிடம் சொல்வது என்று கேட்டால், "கவுன்சிலரைப் போய்ப் பாருங்க" என்பதுதான் எல்லோரும் சொல்லும் பதில். கவுன்சிலரைப் பார்ப்பதில் தவறில்லை. ஆனால் அவரைப் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும், இந்தச் சுகாதாரக் கேட்டைப் பற்றி எழுதிக் கொடுக்கும் உரிமை உங்களுக்கு ஏற்கெனவே சட்டத்தில் இருக்கிறது. தயவு கேட்பது வேறு, சட்டப்படித் தகவல் கொடுப்பது வேறு. தமிழ்நாட்டில் புதிதாகக் குடியேறியவர்களும், சொந்த ஊரிலேயே இருந்தும் இதுவரை மனு எழுதிப் பழகாதவர்களும் இந்த வேறுபாட்டைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

எந்தச் சட்டம்?

தமிழ்நாடு பொதுச் சுகாதாரச் சட்டம், 1939. அன்றைய சென்னை மாகாணத்தில் ராஜாஜி முதல்வராகவும், டி.எஸ்.எஸ். ராஜன் சுகாதார அமைச்சராகவும் இருந்தபோது வந்தது. பொதுச் சுகாதாரத்துக்கென்றே ஒரு முழுச் சட்டம் இந்தியாவில் முதலில் எழுதப்பட்டது இங்கேதான். குடிநீர், வடிகால், கழிப்பறை, சுகாதாரக் கேடுகளை அகற்றுதல், தொற்றுநோய்த் தடுப்பு, கொசு ஒழிப்பு, தங்கும் விடுதிகள், திருவிழாக்கள் என்று தெருவில் நடக்கும் அத்தனையும் இதற்குள் வருகிறது. கொரோனா காலத்தில், 2020-இல், இந்தச் சட்டத்தைத் திருத்தித்தான் முகக்கவசம் அணியாதவர்களுக்கு 200 ரூபாயும், பொது இடத்தில் எச்சில் துப்பியவர்களுக்கு 500 ரூபாயும் அபராதம் விதித்தார்கள். டெங்கு பரவும் மாதங்களில் கொசுப்புழு இருக்கும் கட்டடங்களுக்கு அறிவிப்பு அனுப்புவதும் இதன் பேரில்தான். பழைய சட்டம் என்று ஒதுக்கிவிட வேண்டாம், இன்றும் நடைமுறையில் இருக்கிறது.

முழுச் சட்டத்தையும் படிக்கத் தேவையில்லை. உங்களுக்கு வேண்டியது இரண்டே பிரிவுகள். எவையெல்லாம் சுகாதாரக் கேடு என்பதைப் பிரிவு 41 வரிசையாகச் சொல்கிறது. அப்படியொரு கேட்டால் பாதிக்கப்பட்ட எவரும் சுகாதார அலுவலரிடம் தகவல் கொடுக்கலாம் என்கிறது பிரிவு 42. "எவரும்" என்பதைக் கவனியுங்கள். சொந்த வீடு இருக்க வேண்டும், வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்க வேண்டும், வரி ரசீது காட்ட வேண்டும் என்றெல்லாம் இல்லை. வாடகைக்கு இருப்பவரும், விடுதியில் தங்கிப் படிக்கும் மாணவரும், வேறு மாநிலத்திலிருந்து வேலைக்கு வந்தவரும் கொடுக்கலாம்.

முதல் படி: உங்கள் பிரச்சினை இதில் வருகிறதா என்று பாருங்கள்

பிரிவு 41-இல் வருபவை இவை: உடல்நலத்துக்குக் கேடான நிலையில் இருக்கும் கட்டடம் அல்லது மனை, அசுத்தமாகக் கிடக்கும் குட்டை, பள்ளம், சாக்கடை, கழிப்பறை, கழிவுநீர்த் தொட்டி, நோய் வரும்படியான இடத்தில் அல்லது முறையில் வளர்க்கப்படும் கால்நடைகள், எங்கே இருந்தாலும் சரி, குவிந்து கிடக்கும் குப்பை, காற்றோட்டமில்லாமல், ஆட்கள் நெருக்கியடித்து வேலை செய்யும் பணியிடம், அளவுக்கு மீறிப் புகை கக்கும் அடுப்பும் புகைபோக்கியும். தையல் கூடங்களிலும் பலகாரப் பட்டறைகளிலும் அடைத்துவைத்தாற்போல் வேலை வாங்கப்படுகிறவர்கள் அந்தப் பணியிடம் பற்றிய வரியைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது.

வராதவை சில உண்டு. ஓட்டல் சாப்பாடு கெட்டுப்போயிருந்தால் அது உணவுப் பாதுகாப்புத் துறைக்குப் போக வேண்டியது. ஆலைக் கழிவு ஏரியில் கலந்தால் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் எழுத வேண்டும். தனியார் மருத்துவமனையின் பதிவு, வசதிக் குறைவு பற்றிய புகார்களுக்கு 1997-ஆம் ஆண்டின் மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டம் தனியாக இருக்கிறது.

இரண்டாம் படி: நேரில் பார்த்து, குறித்து வையுங்கள்

பெரும்பாலான மனுக்கள் தோற்பது இங்கேதான். "எங்கள் தெருவில் கொசுத் தொல்லை அதிகம்" என்று எழுதினால், ஒரு நாள் மாலை புகை அடித்துவிட்டு "நடவடிக்கை எடுக்கப்பட்டது" என்று கோப்பை மூடிவிடுவார்கள். புகை பறக்கும் கொசுவைத்தான் கொல்லும். புழு அப்படியே இருக்கும், அடுத்த வாரம் கொசு திரும்ப வரும். ஆகவே கொசு எங்கிருந்து வருகிறது என்பதை நீங்களே கண்டுபிடித்து எழுத வேண்டும்.

ஒரு வெள்ளைப் பிளாஸ்டிக் கோப்பையில் தேங்கிய தண்ணீரை மொண்டு வெளிச்சத்தில் பாருங்கள். புழு இருந்தால், உங்கள் கை நிழல் விழுந்ததும் நெளிந்து கீழே போகும், கொஞ்ச நேரத்தில் மூச்சுவிட மேலே வரும். நீர்மட்டத்தில் தலைகீழாகச் சாய்ந்து தொங்கினால் ஏடிஸ் அல்லது க்யூலெக்ஸ். நீர்மட்டத்தை ஒட்டிப் படுத்தவாறு மிதந்தால் அனாபிலிஸ், அதாவது மலேரியாக் கொசு. சாக்கடைத் தண்ணீரில் பெருகுவது பெரும்பாலும் க்யூலெக்ஸ். ராத்திரித் தூக்கத்தைக் கெடுப்பதும் யானைக்கால் நோயைப் பரப்புவதும் அதுதான். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் நல்ல தண்ணீரில் முட்டையிடும்: டயர், சிரட்டை, பூந்தொட்டித் தட்டு, குளிர்சாதனப் பெட்டியின் பின்புறத் தட்டு, மூடாத சின்டெக்ஸ் தொட்டி. முட்டை புழுவாகிக் கொசுவாகப் பறக்க ஏழு முதல் பத்து நாள் போதும். முட்டைகள் பாத்திரத்தின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு, காய்ந்து கிடந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். அதனால்தான் தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது, தேய்த்துக் கழுவுங்கள் என்கிறார்கள்.

மனு எழுதும் முன் உங்கள் வீட்டு மொட்டை மாடியையும் ஒரு தடவை பாருங்கள். ஆய்வுக்கு வருகிறவர் முதலில் மனுக் கொடுத்தவர் வீட்டைத்தான் பார்ப்பார். அங்கே புழு இருந்தால் அறிவிப்பு உங்களுக்கும் வரும்.

படம் எடுக்கும்போது கேடு இருக்கும் இடத்தோடு கதவு எண், மின்கம்ப எண், கடைப் பலகை ஏதாவது ஒன்று சேர்ந்து தெரியட்டும். தேதி பதிவாக வேண்டும். எவ்வளவு காலமாக இப்படி இருக்கிறது, மழைக்குப் பிறகா, ஆண்டு முழுவதுமா என்று அக்கம்பக்கத்தில் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். தெருவில் காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ கண்டவர்கள் இருந்தால், எத்தனை வீடுகளில் என்று மட்டும் எழுதுங்கள். நோயாளிகளின் பெயரை எழுத வேண்டாம், அது அவர்களுடைய அந்தரங்கம்.

மூன்றாம் படி: சரியான ஆளைக் கண்டுபிடியுங்கள்

மாநகராட்சியில் மாநகர நல அலுவலர். நகராட்சியில் நகர்நல அலுவலர், மேலே ஆணையர். பேரூராட்சியில் செயல் அலுவலர். கிராமத்தில் ஊராட்சித் தலைவருக்கு ஒரு மனுவும், ஆரம்ப சுகாதார நிலையத்தின் சுகாதார ஆய்வாளருக்கு ஒரு மனுவும் கொடுங்கள். நகல் வட்டார வளர்ச்சி அலுவலருக்கும் மாவட்ட சுகாதார அலுவலருக்கும் போகட்டும்.

ஆனால் முதலில் போய்ப் பார்க்க வேண்டியவர் உங்கள் வார்டின் சுகாதார ஆய்வாளர். காலையில் தூய்மைப் பணியாளர்களுக்கு வருகைப் பதிவு எடுக்கும் வார்டு அலுவலகத்தில் அவரைப் பிடிக்கலாம். ஊரில் எந்தச் சாக்கடை எங்கே அடைக்கும், எந்த மனைக்காரர் எந்த ஊரில் இருக்கிறார் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். மேலிடத்திலிருந்தும் மக்களிடமிருந்தும் ஒரே நேரத்தில் அடி வாங்கும் வேலை அது. மரியாதையாகப் பேசுங்கள். பாதிப் பிரச்சினைகள் மனு இல்லாமல் இந்தச் சந்திப்பிலேயே தீரும்.

சென்னையில் 1913-ஐ அழைத்துப் புகார் எண் வாங்கலாம். குடிநீர், பாதாளச் சாக்கடை என்றால் சென்னைக் குடிநீர் வாரியத்தின் 1916. தொலைபேசிப் புகார் அடைப்பு எடுக்க உதவும். ஆனால் தனியார் மனைக்காரருக்கு அறிவிப்பு அனுப்ப வேண்டிய விஷயமென்றால் எழுத்து மனுதான் நிற்கும்.

நான்காம் படி: மனு எழுதுங்கள்

ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். கோபத்தை அடக்கிக்கொண்டு, நடந்ததை மட்டும் எழுதுங்கள். மாதிரி இதோ:

*அனுப்புநர்: (பெயர், முகவரி, கைபேசி எண்)*

*பெறுநர்: நகர்நல அலுவலர் அவர்கள், …… நகராட்சி*

*பொருள்: …… தெரு, கதவு எண் …… அருகிலுள்ள காலிமனையில் கழிவுநீர் தேங்கிச் சுகாதாரக் கேடு – தமிழ்நாடு பொதுச் சுகாதாரச் சட்டம் 1939, பிரிவு 42-இன் கீழ்த் தகவல் அளித்தல் – ஆய்வு செய்து அறிவிப்பு வழங்கி அகற்றக் கோருதல் – தொடர்பாக.*

*ஐயா / அம்மையீர்,*

*மேற்கண்ட மனையில் …… மாதம் முதல் பக்கத்துக் கட்டடத்தின் கழிவுநீர் விடப்பட்டு, முழங்கால் அளவுக்குத் தேங்கி நிற்கிறது. கொசுப்புழுக்கள் காணப்படுகின்றன. மனையிலிருந்து 20 அடி தூரத்தில் குடிநீர்க் குழாய் செல்கிறது. தெருவில் …… வீடுகளில் காய்ச்சல் கண்டுள்ளது. இது மேற்படிச் சட்டத்தின் பிரிவு 41-இல் கண்ட சுகாதாரக் கேடாகும். தாங்கள் நேரில் ஆய்வு செய்து, உரியவருக்கு அறிவிப்பு வழங்கி, கேட்டை அகற்றி, எடுத்த நடவடிக்கையை எனக்கு எழுத்துமூலம் தெரிவிக்கக் கேட்டுக்கொள்கிறேன்.*

*இணைப்பு: புகைப்படங்கள் …… எண்ணிக்கை*

அடியும் மாதமும் உங்கள் இடத்துக்கு ஏற்ப மாறும். கடைசி வரியை மட்டும் விட்டுவிடாதீர்கள். "எழுத்துமூலம் தெரிவிக்க" என்று கேட்டால்தான் பின்னால் பதில் கேட்க முடியும்.

மனையின் உரிமையாளர் யாரென்று தெரியாவிட்டால் கவலைப்பட வேண்டாம். காலிமனை வரிப் பதிவேடு உள்ளாட்சி அலுவலகத்தில் இருக்கிறது, தேடிக் கண்டுபிடிப்பது அவர்கள் வேலை.

வாடகைக்கு இருப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். கேட்டை உண்டாக்கியவருக்குத்தான் அறிவிப்பு போகும். ஆனால் கட்டட அமைப்பின் குறையால் கேடு வருகிறதென்றால், அதாவது கழிவுநீர்த் தொட்டியில் விரிசல், வடிகால் குழாயே போடாமல் கட்டிய வீடு என்றால், பொறுப்பு உரிமையாளருடையது. "நீங்கதானே குடியிருக்கீங்க, நீங்களே பார்த்துக்குங்க" என்று வீட்டுக்காரர் சொன்னால் அதை ஏற்க வேண்டியதில்லை.

நிறையப் பேர் கையெழுத்துப் போட்டால் மனுவுக்கு வலு கூடும். ஆனால் கையெழுத்துக்காக ஒரு மாதம் காத்திருக்க வேண்டாம். சட்டத்துக்கு ஒருவர் போதும்.

ஐந்தாம் படி: ஒப்புகை வாங்காமல் வராதீர்கள்

மனுவை இரண்டு பிரதிகளாக எடுத்துப் போங்கள். தபால் பிரிவில் ஒன்றைக் கொடுத்து, மற்றதில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். "வெச்சுட்டுப் போங்க, ஐயா வந்ததும் சொல்றோம்" என்றால் பணிவாக, ஆனால் உறுதியாக நில்லுங்கள். முத்திரை போட மறுத்தால் சண்டை வேண்டாம். நேராக அஞ்சலகம் போய், பெற்றுக்கொண்டதற்கான சான்று கேட்டு, விரைவுத் தபாலில் (ஸ்பீட் போஸ்ட்) பதிவுசெய்து அனுப்பிவிடுங்கள். அந்தச் சான்று கிடைத்தால் முத்திரைக்குச் சமம். இதற்குப் பிறகு நடக்கும் எல்லாமே இந்தத் தேதியை வைத்துத்தான்.

ஆறாம் படி: ஆய்வும் அறிவிப்பும்

ஆய்வுக்கு வரும்போது உடன் இருங்கள். இடத்தைக் காட்டுங்கள், கோப்பையில் புழுவைக் காட்டுங்கள். சுகாதார அலுவலருக்கும் அவருடைய பணியாளர்களுக்கும் மனைக்குள் போய்ப் பார்க்கும் அதிகாரம் உண்டு. உங்களுக்கு அது இல்லை, ஆகவே அடுத்தவர் மனைக்குள் நீங்களாக நுழைய வேண்டாம்.

பிறகு உரியவருக்கு அறிவிப்பு போகும்: இத்தனை நாளுக்குள் இன்னின்ன வேலையைச் செய்து கேட்டை அகற்ற வேண்டும் என்று. அவர் செய்யாவிட்டால் உள்ளாட்சி அமைப்பே அந்த வேலையைச் செய்து, செலவை அவரிடம் வசூலிக்கலாம், வழக்கும் தொடரலாம். அபராதத் தொகையைப் பார்த்து, "இவ்வளவுதானா" என்று சோர்ந்துபோகிறவர்கள் உண்டு. உண்மையான பலம் அபராதத்தில் இல்லை. அறிவிப்பு போன நாளிலிருந்து அந்தக் கேடு அரசின் பதிவேட்டில் ஏறிவிடுகிறது. பிறகு "எங்களுக்குத் தெரியாது" என்று மனைக்காரரும் சொல்ல முடியாது, அலுவலகமும் சொல்ல முடியாது.

இந்தக் கட்டத்தில் ஒரு எச்சரிக்கை. இதைச் சொல்லாமல் இந்தக் கட்டுரையை முடிக்க எனக்கு மனம் வராது. அறிவிப்பு வந்த பயத்தில் சிலர் அவசர அவசரமாக ஆளைக் கூப்பிட்டுக் கழிவுநீர்த் தொட்டிக்குள் இறக்குகிறார்கள். தொட்டிக்குள் இருக்கும் ஹைட்ரஜன் சல்பைடு வாயு ஒரு மூச்சிலேயே ஆளைச் சாய்க்கும். காப்பாற்ற இறங்கும் இரண்டாவது ஆளும் சாவது அடிக்கடி நடக்கிறது. 2013-ஆம் ஆண்டின் மத்தியச் சட்டப்படி, பாதுகாப்பில்லாமல் மனிதரை இறக்குவது முதல் தடவையே இரண்டு ஆண்டு வரை சிறை அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கக்கூடிய குற்றம். உரிமம் பெற்ற உறிஞ்சு லாரியை மட்டும் கூப்பிடுங்கள். அதற்கு 14420 என்ற எண் இருக்கிறது. யாராவது தொட்டிக்குள் இறங்குவதைப் பார்த்தால், யார் வீடு என்று பார்க்காமல் நிறுத்துங்கள்.

குடிநீர் என்றால் காத்திருக்காதீர்கள்

மேலே சொன்னதெல்லாம் வாரக்கணக்கில் நடப்பவை. குடிநீரில் சாக்கடை கலந்தால் அவ்வளவு நேரம் கிடையாது. அன்றே தொலைபேசியில் சொல்லுங்கள், அன்றே மனுவும் கொடுங்கள். பக்கத்தில் இரண்டு மூன்று வீடுகளில் ஒரே நேரத்தில் வயிற்றுப்போக்கு என்றால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் 104-க்கும் சொல்லுங்கள். தண்ணீரைக் கொதிக்கவைத்தே குடியுங்கள்.

சுகாதார ஆய்வாளர் குளோரின் அளவு பார்க்க ஒரு சின்னக் கண்ணாடிக் குழாய் கொண்டுவருவார். அதில் உங்கள் குழாய்த் தண்ணீரைப் பிடித்துச் சில சொட்டு மருந்து விட்டால் மஞ்சள் நிறம் வரும். நிறம் எவ்வளவு அடர்த்தி என்பதை அட்டையோடு ஒப்பிட்டு அளவு சொல்வார். கடைசி வீட்டுக் குழாயிலும் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் எஞ்சியிருக்க வேண்டும். நிறமே வராவிட்டால் ஒன்று குளோரின் கலக்கவில்லை, அல்லது வழியில் எங்கோ கழிவு கலந்து குளோரினைத் தின்றுவிட்டது. சோதனையைத் தெருவின் முதல் வீட்டில் செய்துவிட்டுப் போகப் பார்த்தால், கடைசி வீட்டிலும் செய்யச் சொல்லுங்கள். வித்தியாசம் அங்கேதான் தெரியும்.

ஏழாம் படி: பதில் வராவிட்டால்

ஒரு மாதம் பாருங்கள். பிறகு ஒப்புகை நகலை வைத்து நினைவூட்டு மனு ஒன்று கொடுங்கள். கூடவே திங்கட்கிழமை மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர் கூட்டத்தில் கொடுக்கலாம். முதல்வரின் முகவரித் துறைக்கு 1100-இல் பதிவு செய்யலாம். கிராமத்தில் இருப்பவர்களுக்குக் கிராம சபை இருக்கிறது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கூடும். அங்கே வாயால் சொல்லிவிட்டு வராதீர்கள். தீர்மானப் புத்தகத்தில் ஏறியதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

இவற்றையெல்லாம்விட எனக்கு நம்பிக்கையானது தகவல் அறியும் உரிமைச் சட்டம். 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். "ஏன் நடவடிக்கை இல்லை" என்று கேட்கக் கூடாது. காரணம் கேட்டால் "இது தகவல் அல்ல" என்று தட்டிக்கழிப்பார்கள். ஆவணம் கேளுங்கள்: இந்தத் தேதியிட்ட என் மனுவின் மீது நடந்த ஆய்வின் அறிக்கை நகல், வழங்கிய அறிவிப்பின் நகல், என் மனு எந்தெந்த மேசைக்கு எந்தெந்தத் தேதியில் போனது என்ற குறிப்புப் பக்கங்களின் நகல். 30 நாளில் பதில் தர வேண்டும். ஆய்வே நடக்கவில்லையென்றால், இந்தக் கடிதம் போய்ச் சேர்ந்த பிறகாவது நடந்துவிடுவதைப் பல தடவை பார்த்திருக்கிறேன்.

அதற்கும் அசையாவிட்டால் வருவாய்க் கோட்டாட்சியர். புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் பிரிவு 152-இன் கீழ் பொதுத் தொல்லையை அகற்ற நிபந்தனை உத்தரவு போடும் அதிகாரம் அவருக்கு உண்டு. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இதுவே பிரிவு 133. கேட்டுக்குக் காரணமே நகராட்சி என்றாலும் இந்த வழி திறந்திருக்கிறது. மத்தியப் பிரதேசத்தின் ரத்லாம் நகராட்சி, திறந்த சாக்கடையைச் சரிசெய்யக் கையில் பணம் இல்லை என்று வாதாடியபோது, 1980-இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. நிதி இல்லை என்பதைச் சொல்லி மக்களின் சுகாதாரத்தைக் கைவிட முடியாது என்பதுதான் நீதிபதி கிருஷ்ண ஐயரின் அந்தத் தீர்ப்பின் சாரம். உங்கள் ஊர் அலுவலகம் "பட்ஜெட் இல்லீங்க" என்று சொன்னால், கோட்டாட்சியருக்கு எழுதும் மனுவில் இந்தத் தீர்ப்பைக் குறிப்பிடுங்கள்.

யார் மீது மனு, யார் மீது வேண்டாம்

பக்கத்து வீட்டில் இரண்டு ஆடு கட்டியிருக்கிறார்கள், எதிரே ஒரு பாட்டி இட்லிக் கடை போட்டிருக்கிறார் என்றால் முதலில் போய்ப் பேசுங்கள். கழுவுகிற தண்ணீரை எங்கே விடுவது என்பதை இரண்டு பேரும் உட்கார்ந்து பேசினால் முடிந்துவிடும். வேலித் தகராறுக்கும் சாதிப் பகைக்கும் இந்தச் சட்டத்தைச் சாக்காக வைத்து மனுப் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். அது உண்மையான மனுக்களின் மதிப்பையும் கெடுக்கிறது. நாலு மாடி கட்டிவிட்டுக் கழிவுநீரைத் தெருவில் விடுகிறவர், மனையை வாங்கிப் போட்டுவிட்டுப் பத்து வருடம் எட்டிப் பார்க்காதவர், மழைநீர் வடிகாலில் திருட்டுத்தனமாகக் கழிப்பறைக் குழாயை இணைத்தவர் என்றால் தயங்க வேண்டாம். எழுதுங்கள்.

கேடு அகற்றப்பட்ட பிறகும் காகிதங்களைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். மனு, ஒப்புகை, படங்கள், அறிவிப்பு நகல் எல்லாவற்றையும் ஒரு உறையில் போட்டு வையுங்கள். வடகிழக்குப் பருவமழை தொடங்கும் அக்டோபருக்கு முன்பே, செப்டம்பரில், அந்த மனையை ஒரு தடவை போய்ப் பாருங்கள். தண்ணீர் மறுபடி தேங்கியிருந்தால் புதிதாக எழுத வேண்டியதில்லை. பழைய மனுவின் தேதியையும் அறிவிப்பு எண்ணையும் மேலே குறிப்பிட்டு, "மீண்டும் அதே நிலை" என்று நான்கு வரி எழுதிக் கொடுத்தால் போதும்.